“பாதியில் நிறுத்துவாங்களா?” பல் சிகிச்சை பயமும் செடேஷன் தேர்வும்: ஒரு நிகழ்வு ஆய்வு

நோயாளி 47 வயதுப் பெண், பள்ளி ஆசிரியை. கடைசியாகப் பல் மருத்துவரைப் பார்த்து 14 வருடம் ஆகிறது. கீழ்வரிசை இடப்பக்க முதல் கடைவாய்ப் பல்லில் நான்கு நாளாக வலி. படுத்தால் கூடுகிறது, சூடாக எதையாவது குடித்தால் குடைகிறது, குளிர்ந்த தண்ணீரை வாயில் வைத்திருக்கும் வரை கொஞ்சம் அடங்குகிறது. கணவர் கூட வந்திருந்தார். நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே நோயாளி ஒன்றைச் சொல்லிவிட்டார்: “என்னை முழுசா மயக்கிடுங்க டாக்டர். எனக்கு எதுவும் தெரியக் கூடாது. கண் முழிக்கும்போது எல்லாம் முடிஞ்சிருக்கணும்.”

பல் சிகிச்சைக்குப் பயப்படுகிறவர்கள் பலரும் இதையேதான் கேட்கிறார்கள். கேட்பதில் தவறே இல்லை. ஆனால் பயம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பலமான மயக்கம் என்று கணக்குப் போட்டு முடிவெடுத்தால் அது சரியாக வராது. இவருக்குச் செடேஷனுக்கு, அதாவது முழுசாக மயக்காமல் பதற்றத்தைத் தணிப்பதற்கு, எந்த மருந்து, எப்போது, எந்த அளவில் என்பதைத் தீர்மானித்தவை வேறு விஷயங்கள்: எதற்குப் பயப்படுகிறார், தூங்கும்போது எப்படி மூச்சு விடுகிறார், அந்த வாரம் என்ன மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருடைய சம்மதத்தோடு, அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றி இதை எழுதுகிறேன்.

சாய்ந்து படுக்க அவர் சம்மதிக்கவில்லை. அதனால் சாதாரண நாற்காலியில் உட்கார வைத்து, கண்ணாடியும் டார்ச்சும் கொண்டு பார்த்தேன். நின்றபடியே எடுக்கும் முழுத் தாடை எக்ஸ்ரே மட்டும் எடுத்தோம். வலிக்கும் பல்லில் சொத்தை நரம்பு வரை போயிருந்தது. வலப்பக்கம் அதே இடத்தில் பல் உடைந்து வேர்கள் மட்டும் எலும்புக்குள் மிச்சம், அதில் ஒன்று நன்றாக வளைந்திருந்தது. மேல்வரிசையில் இரண்டு சொத்தை, ஈறு ஓரமெல்லாம் காறை. வீக்கமோ காய்ச்சலோ இல்லை. வாய் நன்றாகத் திறந்தது.

சூட்டில் கூடிக் குளிர்ச்சியில் அடங்கும் இந்த மாதிரி வலி, பல்லின் உள்நரம்பு மீள முடியாத அளவுக்கு வீங்கிவிட்டதைக் காட்டுகிறது. இந்த நிலையில் ஆன்டிபயாட்டிக் வலியைக் குறைக்காது. நரம்பை எடுத்து ரூட் கெனால் செய்ய வேண்டும், இல்லையென்றால் பல்லையே எடுக்க வேண்டும்.

பயம் எங்கே இருக்கிறது

பல் சிகிச்சை பயத்தை அளக்க ஐந்து கேள்விகள் கொண்ட ஒரு அளவுகோல் இருக்கிறது. நாளைக்கு சிகிச்சை என்றால், காத்திருக்கும் அறையில் உட்கார்ந்திருந்தால், பல்லைக் குடையப் போகிறார்கள் என்றால், சுத்தம் செய்யப் போகிறார்கள் என்றால், ஈறில் ஊசி போடப் போகிறார்கள் என்றால் எவ்வளவு பதற்றம் என்று ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 19-ஐத் தொட்டால் கடுமையான பயம் என்று கொள்கிறோம். இவருக்கு 22 வந்தது.

மொத்தத்தை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவது எளிது. நான் எப்போதும் தனித்தனி விடைகளைப் பார்ப்பேன். நாளைக்கு சிகிச்சை என்பதற்கு 5, காத்திருப்பதற்கு 5, குடைவதற்கு 5, சுத்தம் செய்வதற்கு 4. ஊசிக்கு மட்டும் 3. இவ்வளவு பயப்படுகிற ஒருவருக்கு ஊசி அவ்வளவு பெரிய விஷயமாகத் தெரியவில்லை. அப்படியென்றால் எது?

கேட்டேன். ஒன்பது வயதில் ஒரு பல்லை எடுத்திருக்கிறார்கள். மரத்துப்போகும் ஊசி சரியாகப் பிடிக்கவில்லை. “வலிக்குதுன்னு கையை ஆட்டினேன் டாக்டர். அதனாலதான் ரெண்டு பேர் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. அப்படியே எடுத்து முடிச்சாங்க.” சொல்லும்போது தன் இடது கை மணிக்கட்டை வலது கையால் இறுக்கிப் பிடித்திருந்தார். அப்புறம் கேட்டார்: “நான் சொன்னா பாதியில் நிறுத்துவாங்களா?”

ஆக, அவருடைய பயம் வலியில் தொடங்கினாலும் வலியோடு நிற்கவில்லை. சொன்னாலும் யாரும் கேட்க மாட்டார்கள், கையைப் பிடித்துக்கொள்வார்கள் என்பதுதான் அது. முழு மயக்கத்தை அவர் கேட்டது அந்த நிமிடத்தில் தான் அங்கே இல்லாமல் இருப்பதற்காக. இது தெரிந்த பிறகு சில சின்ன விஷயங்கள் உடனே மாறின. வழக்கமாக, வலித்தால் இடது கையைத் தூக்குங்கள் என்று எல்லோரிடமும் சொல்வோம். இவரிடம் அது சரிப்படாது, கையை ஆட்டித்தானே முன்பு மாட்டிக்கொண்டார். அதற்குப் பதிலாக, அழுத்தினால் கீச்சென்று சத்தம் வரும் ஒரு சின்ன ரப்பர் பந்தைக் கையில் கொடுத்தோம். சத்தம் வந்தால் என் கை அவர் வாயில் இருக்காது, காரணம் பிறகு கேட்டுக்கொள்வோம் என்று பேசி வைத்துக்கொண்டோம். கேட்காமல் யாரும் அவர் கையைத் தொடக் கூடாது என்று உதவியாளர்களிடமும் சொல்லியாயிற்று. ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை கையை இறுக்கும் என்பதால், இயந்திரத்தின் பொத்தானை அவரையே அழுத்தச் சொன்னோம்.

மாத்திரை அட்டை

அந்த ரத்த அழுத்த இயந்திரம் காட்டியதில் வந்ததுதான் அடுத்த திருப்பம். நாடி 108. பதறிப்போயிருக்கும் ஒருவருக்கு அது வியப்பில்லை. ஆனால் ரத்த அழுத்தம் 102/64. இவருக்கு ரத்தக்கொதிப்பு இருக்கிறது, அம்லோடிபின் 5 மில்லிகிராம் சாப்பிடுகிறார், வழக்கமாக 130-ஐ ஒட்டி இருக்கும் என்றார் கணவர். பயத்தில் ஏற வேண்டிய அழுத்தம் ஏன் இறங்கியிருக்கிறது? இரண்டு நாளாக எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது என்பதும் கேட்டபோதுதான் வந்தது.

வேறு மாத்திரை ஏதாவது? “சளிக்கு ஒண்ணு கொடுத்தாங்க, அவ்வளவுதான்.” அட்டையைக் காட்டச் சொன்னேன். கைப்பையிலிருந்து எடுத்தது கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக், 500 மில்லிகிராம், ஒரு நாளைக்கு இரண்டு. கல்லீரலில் சி.ஒய்.பி. 3ஏ4 என்ற ஒரு நொதி இருக்கிறது. பல மருந்துகளை உடைத்து வெளியேற்றுவது அதன் வேலை. கிளாரித்ரோமைசின் அந்த நொதியை முடக்கிவிடும். அம்லோடிபினை உடைப்பதும் அதே நொதிதான். வழக்கமான 5 மில்லிகிராம் உடலில் தேங்கி, அழுத்தத்தை அளவுக்கு மீறி இறக்கியிருக்கிறது.

செடேஷனுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. பதற்றத்தைத் தணித்துத் தூக்கம் வரவைக்கும் மிடசோலம், டிரையாசோலம், அல்பிரசோலம் ஆகிய மருந்துகளையும் உடைப்பது அதே நொதி. கிளாரித்ரோமைசின் சாப்பிடும் ஒருவர் மிடசோலத்தை வாய்வழி எடுத்தால் ரத்தத்தில் அதன் அளவு பல மடங்கு ஏறும். அப்போது கணவர் ஒரு கேள்வி கேட்டார்: “அடுத்த தடவை வரும்போது அம்மாவோட தூக்க மாத்திரை பாதி கொடுத்துக் கூட்டிட்டு வரட்டுமா டாக்டர்?” வீட்டில் இருந்தது அல்பிரசோலம் 0.5 மில்லிகிராம். வேண்டவே வேண்டாம் என்று சொல்லி, ஏன் என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். பயந்தவர்கள் வீட்டிலேயே எதையாவது போட்டுக்கொண்டு வருவது நாம் நினைப்பதைவிட அதிகம். எல்லாரிடமும் இதைத் தனியாகக் கேட்க வேண்டும், குற்றம் சாட்டும் தொனியில்லாமல் கேட்க வேண்டும்.

அவருடைய பொது மருத்துவரைத் தொலைபேசியில் பிடித்தேன். அன்றே கிளாரித்ரோமைசினை நிறுத்தி வேறு மருந்துக்கு மாற்றினார். நிறுத்திவிட்டாலும் நொதி உடனே எழுந்துவிடாது, மீண்டும் உருவாகச் சில நாள் பிடிக்கும்.

மூக்கும் அடைத்திருந்தது. தூக்கத்தில் குறட்டை. கணவர் சொன்னார்: “சில நேரம் குறட்டை சட்டுனு நின்னுடும். நான் எழுந்து பார்ப்பேன். அப்புறம் ஒரு பெருமூச்சு வரும்.” தூக்கத்தில் மூச்சு தடைப்படும் நோயைச் சலித்தெடுக்க எட்டுக் கேள்விகள் உள்ளன. குறட்டை, பகல் களைப்பு, மூச்சு நிற்பதைப் பார்த்தவர் இருப்பது, ரத்தக்கொதிப்பு என்று இவருக்கு நான்கு மதிப்பெண். நடுத்தர அபாயம். உடல் எடைக் குறியீடு 33. படுத்த நிலையில் தசைகள் தளர்ந்தால் நாக்கு பின்னால் சரிந்து மூச்சுப்பாதையை மறிக்கும் வாய்ப்பு இவருக்கு அதிகம்.

கையில் இருந்த வழிகள்

பல் மருத்துவத்துக்கும் மயக்க மருந்துக்கும் உறவு பழையது. 1844 டிசம்பரில் ஹாரஸ் வெல்ஸ் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் நைட்ரஸ் ஆக்சைடை முகர்ந்து தன் பல்லையே எடுக்கச் சொன்னார். சிரிப்பு வாயு என்று நாம் சொல்கிற அதுவே இன்றும் முதலில் யோசிக்கிற வழி. ஆனால் இவருக்கு அன்று மூக்கு அடைத்திருந்தது. மூக்கு மூடி வழியாக இழுக்க வேண்டிய வாயுவை வாயால் மூச்சு விடுபவருக்குக் கொடுத்துப் பயனில்லை.

மாத்திரை வழி கேட்க எளிதாக இருக்கும். ஒரு மணி நேரம் முன்பு விழுங்கிவிட்டு வந்தால் போதும். எனக்கு இதில் தயக்கம் உண்டு. விழுங்கிய மாத்திரையைத் திரும்ப எடுக்க முடியாது. குடல், கல்லீரல் கடந்து எவ்வளவு ரத்தத்தில் சேரும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஒருவர் பேசிக்கொண்டே இருப்பார், இன்னொருவர் அதே அளவில் தூங்கிவிடுவார். போதவில்லை என்று இன்னொன்றைக் கொடுத்தால் இரண்டும் சேர்ந்து சிகிச்சை முடிந்த பிறகு உச்சத்துக்குப் போகலாம். டயசிபாம் மாதிரி நீண்ட நேரம் தங்கும் மருந்தின் அரை ஆயுள் (உடலில் அதன் அளவு பாதியாகக் குறையப் பிடிக்கும் நேரம்) 20 மணி நேரத்துக்கு மேல், மறுநாளும் அதன் சாயல் இருக்கும். உடல் ஆரோக்கியமான, மிதமான பயமுள்ள ஒருவருக்கு முந்தின இரவு தூங்குவதற்கும் கிளம்பி வருவதற்கும் குறைந்த அளவு மாத்திரை உதவும், மறுக்கவில்லை. இவருடைய கிளாரித்ரோமைசினையும் குறட்டையையும் வைத்துக்கொண்டு அதைக் கொடுக்க மனம் வரவில்லை.

கையில் ரத்தக் குழாய் வழியாக ஏற்றும் மிடசோலத்தின் பலமே கொஞ்சம் கொடுத்து, காத்திருந்து, பார்த்து, மறுபடி கொஞ்சம் கொடுக்க முடிவதுதான். நொதி மீளும் வரை அதையும் தள்ளி வைத்தோம். புரோபோஃபால் என்ற மயக்க மருந்து சீக்கிரம் வேலை செய்யும், சீக்கிரம் தெளியும். ஆனால் செடேஷனுக்கும் முழு மயக்கத்துக்கும் இடையே அதில் இடைவெளி மிகக் குறுகல், எதிர்மருந்தும் கிடையாது. மயக்கவியல் மருத்துவர் கையில்தான் அது இருக்க வேண்டும். டெக்ஸ்மெடெடோமிடின் மூச்சை அவ்வளவாக அமுக்காது, பதிலுக்கு நாடியையும் அழுத்தத்தையும் இறக்கும். 102/64-ல் நிற்கும் ஒருவருக்கு அது வேண்டாம். 2020-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரெமிமசோலம், திசுக்களில் உள்ள எஸ்டரேஸ் நொதிகளால் உடைபடுவதால் கிளாரித்ரோமைசினின் பிடியில் சிக்காது. எங்களிடம் அது இல்லை.

பிறகு, அவர் கேட்ட முழு மயக்கம். அது அவசியமான இடங்கள் இருக்கின்றன: பல பற்கள் சொத்தையான சின்னக் குழந்தை, ஒத்துழைக்க முடியாத அளவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர், பெரிய தாடை அறுவைச் சிகிச்சை. அங்கெல்லாம் தயங்கக் கூடாது. இவர் விஷயத்தில் மூச்சுப்பாதை அபாயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ஒரே மயக்கத்தில் எல்லாவற்றையும் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் காப்பாற்றக்கூடிய பல்லும் பிடுங்கப்பட்டுவிடும். ரூட் கெனாலுக்கு ஒரு தடவைக்கு மேல் உட்கார வேண்டியிருக்கலாம், பிடுங்குவது சீக்கிரம் முடிந்துவிடும். இதையெல்லாம் அவரிடமே சொன்னேன். “நாங்கள் தேர்ந்தெடுக்கிற வழி உங்களுக்குப் பிடிக்கலைன்னா முழு மயக்கத்தைப் பத்தி மறுபடி பேசலாம்மா, கதவை மூடலை” என்றும் சொன்னேன். அதை அவர் நம்பினாரா தெரியாது, கேட்டுக்கொண்டார். பயத்தைக் கையாள உளவியல் நிபுணரிடம் சில அமர்வுகள் போவது பலருக்கும் நீடித்த பலன் தரும் என்பதையும் சொல்லி வைத்தேன். முதலில் வலி போகட்டும் என்றார்.

மூக்கு திறக்கும் வரை வலியைத் தள்ளிப்போட வேண்டும். ஐபுப்ரோஃபென் 400 மில்லிகிராமோடு பாராசிட்டமால். பல் வலிக்கு இந்த ஜோடி தனித்தனியாகக் கொடுப்பதைவிட நன்றாக வேலை செய்யும். வயிற்றுப்புண்ணோ சிறுநீரகக் கோளாறோ இல்லை என்று உறுதி செய்துகொண்டு, உணவுக்குப் பிறகு, சில நாளுக்கு மட்டும். தாங்க முடியாமல் போனால் அன்றே வரச் சொன்னோம். நைட்ரஸ் ஆக்சைடுக்கு உரிய மூக்கு மூடி ஒன்றை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினோம், கண்ணாடி முன் வைத்துப் பார்த்துப் பழகட்டும் என்று.

முதல் சிகிச்சை: வலித்த பல்

ஐந்தாம் நாள் இரண்டு பக்க மூக்கும் திறந்துவிட்டதாகச் சொல்லி வந்தார். ரத்த அழுத்தம் 136/82. நைட்ரஸ் ஆக்சைடு கூடாத காரணங்களை ஒவ்வொன்றாகக் கேட்டோம்: கர்ப்பம் இல்லை, அண்மையில் காது, விழித்திரை அறுவைச் சிகிச்சை எதுவும் இல்லை, வைட்டமின் பி12 குறைபாடு இல்லை. இந்த வாயு பி12-ஐச் செயலிழக்க வைப்பதால் கடைசிக் கேள்வியை விடக் கூடாது.

மூடியை அவரே பொருத்திக்கொண்டார். முதலில் வெறும் ஆக்சிஜன், நிமிடத்துக்கு 6 லிட்டர். அப்புறம் நைட்ரஸ் 10 சதவீதம், ஒரு நிமிடம் பொறுத்து 20. விரல் நுனி சில்லிட்ட மாதிரி இருக்கிறது என்றார். 30-ல் தோள் இறங்கியது. பின்னிக்கொண்டிருந்த கால்கள் தானாகப் பிரிந்தன. இன்னும் கொஞ்சம் ஆழமாக இருக்கட்டும் என்று 40-க்குக் கொண்டு போனதும் பந்து கீச்சென்றது. “கை கால் எங்க இருக்குன்னே தெரியல. எனக்கு இது பிடிக்கல.”

பலருக்கு 40 சுகமாக இருக்கும். இவருக்கு, உடம்பு தன் வசம் இல்லை என்ற உணர்வே பழைய அறைக்குக் கூட்டிப் போகிறது. 30-க்குத் திரும்பினோம். ரத்தத்தில் மிகக் குறைவாகவே கரையும் வாயு என்பதால் ஒரு நிமிடத்துக்குள் சரியாகிவிட்டார். நைட்ரஸில் எனக்குப் பிடித்ததே இந்த உடனடித் திருப்பம்தான். இயந்திரமும் 30 சதவீதத்துக்குக் கீழே ஆக்சிஜனை இறங்க விடாது, ஆக்சிஜன் நின்றால் நைட்ரஸும் நின்றுவிடும்.

இனி ஊசி. ஈறில் மரத்துப்போகும் ஜெல் தடவிப் பொறுத்திருந்து, 2 சதவீத லிக்னோகெயினும் அட்ரினலினும் கலந்த மருந்தைக் கீழ்த்தாடை நரம்பருகே மிக மெதுவாகச் செலுத்தினேன். சில நிமிடத்தில் உதடு மரத்துவிட்டது. இங்கேதான் அவசரப்படக் கூடாது. வீங்கிய நரம்புள்ள பல்லில், உதடு மரத்திருந்தாலும் பல்லுக்குள் உணர்வு விழித்தே இருக்கும். பஞ்சில் குளிர் ஸ்பிரே அடித்துப் பல்லில் வைத்தேன். சுரீரென்றது என்றார். ஒன்பது வயதில் நடந்ததும் அநேகமாக இதுதான்: உதடு மரத்துவிட்டதே என்று நம்பித் தொடங்கியிருப்பார்கள். பல்லின் கன்னப்பக்கம் ஆர்ட்டிகெயின் (4 சதவீதம்) என்ற இன்னொரு மரத்துப்போகும் மருந்தையும் சேர்த்துப் போட்டு, காத்திருந்து, மறுபடி குளிர் வைத்தேன். ஒன்றும் தெரியவில்லை. இன்னொரு முறை வைக்கச் சொன்னார், வைத்தேன். அப்புறம்தான் டிரில்லைக் கையில் எடுத்தேன்.

செடேஷன் வலியைப் போக்காது. நைட்ரஸ் கொஞ்சம் மழுங்கடிக்கும், மிடசோலம் அதுவும் செய்யாது. மரத்துப்போகும் ஊசி சரியாகப் பிடிக்காத இடத்தில் செடேஷனைக் கூட்டிக்கொண்டே போவது ஆபத்தான வழி. நோயாளி துடிப்பது மயக்கம் போதாமல் என்று நினைத்து இன்னும் மருந்து ஏறும், மூச்சு இறங்கும்.

நரம்பை எடுத்துக்கொண்டிருக்கும்போது பந்து மறுபடி கீச்சென்றது. கையை எடுத்துவிட்டு, எங்கே வலிக்கிறது என்றேன். தலையை ஆட்டினார். “வலி இல்லை. நிறுத்துறீங்களான்னு பார்த்தேன்.” சரி என்று சொல்லிவிட்டு, அவர் தொடங்கச் சொல்லும் வரை காத்திருந்தேன். அதற்குப் பிறகு பந்து சத்தம் போடவே இல்லை.

முடித்து 5 நிமிடம் முழு ஆக்சிஜன். நைட்ரஸை நிறுத்தியதும் அது நுரையீரலுக்குள் வேகமாக வெளியேறி ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளலாம் என்பதால் இந்த ஐந்து நிமிடத்தை நாங்கள் குறைப்பதில்லை. அன்றிரவு வலியில்லாமல் தூங்கியதாக மறுநாள் சொன்னார்.

இரண்டாவது: எலும்புக்குள் இருந்த வேர்கள்

மூன்று வாரம் கழித்து வலப்பக்க வேர்கள். ஈறைக் கீறி, எலும்பைச் சீவி, வளைந்த வேரைப் பிரித்து எடுக்க வேண்டும். ஒரு மணி நேரம் ஆகலாம். வலி இருக்காது, ஆனால் அழுத்தமும் சத்தமும் இருக்கும். தாடையை யாரோ தள்ளுகிற உணர்வு இவருக்கு எப்படி இருக்கும் என்று யோசித்தேன். இதற்கு மிடசோலம் பொருத்தம் என்று தோன்றியது. கிளாரித்ரோமைசின் நின்று வாரங்கள் ஆகிவிட்டன.

குறட்டை இன்னும் இருக்கிறது. அதனால் கிளினிக்கில் செய்யாமல், மயக்கவியல் மருத்துவரோடு மருத்துவமனையில் வைத்துக்கொண்டோம். திட உணவுக்கு 6 மணி நேரமும் தெளிந்த நீர் ஆகாரத்துக்கு 2 மணி நேரமும் இடைவெளி. கையின் பின்புறம் மரத்துப்போகும் கிரீமை ஒரு மணி நேரம் முன்பே தடவி, பிறகு ஊசிக்குழாய் போட்டார்கள். எந்தக் கை என்பதை அவரே சொன்னார்.

மிடசோலம் ஒரு மில்லிக்கு 1 மில்லிகிராம், 5 மில்லிகிராம் என இரண்டு செறிவில் வருகிறது. குப்பிகளை மாற்றி எடுத்தால் ஐந்து மடங்கு மருந்து ஏறிவிடும். சிரிஞ்சில் லேபிள் ஒட்டி, இரண்டு பேர் வாய்விட்டுப் படித்த பிறகே தொடங்கினோம். முதலில் 1 மில்லிகிராம், இரண்டு நிமிடம் காத்திருப்பு. மறுபடி 1. அப்புறம் அரை, அரை. மொத்தம் 3 மில்லிகிராமில் பேச்சு குழைந்து, இமை பாதி இறங்கியது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் கண் திறந்து பதில் சொன்னார். அங்கே நிறுத்தினோம். வலிநிவாரண ஓபியாய்டு எதுவும் சேர்க்கவில்லை. இரண்டும் சேர்ந்தால் மூச்சு அமுங்கும் அபாயம் கூடுகிறது, இவருக்கு அது வேண்டாம். தலைப்பக்கம் உயர்த்திய நிலையில், மூக்கில் நிமிடத்துக்கு 2 லிட்டர் ஆக்சிஜன், விரலில் பல்ஸ் ஆக்சிமீட்டர், மூச்சுக்காற்றின் கரியமில வாயுவை அளக்கும் கேப்னோகிராபி.

இருபது நிமிடம் போயிருக்கும், கேப்னோகிராபி அலை தட்டையானது. அப்போது ஆக்சிமீட்டர் 97 என்று காட்டிக்கொண்டிருந்தது. மயக்கவியல் மருத்துவர் மோவாயைத் தூக்கி, “மூச்சை நல்லா இழுங்கம்மா” என்றார். இழுத்தார், அலை திரும்பியது. ஆக்சிமீட்டர் அதற்கப்புறம்தான் 95-க்கு இறங்கி மறுபடி ஏறியது. கூடுதல் ஆக்சிஜன் ஓடும்போது, மூச்சு நின்ற பிறகும் ரத்தத்தில் ஆக்சிஜன் சிறிது நேரம் தாக்குப்பிடிக்கும். விரலில் மாட்டியதை மட்டும் நம்பியிருந்தால் எங்களுக்கு இந்தச் செய்தி தாமதமாகத்தான் வந்திருக்கும். குறட்டைக்காரருக்குச் செடேஷன் கொடுப்பவர்கள் கேப்னோகிராபி இல்லாமல் தொடங்க வேண்டாம் என்று நான் வற்புறுத்திச் சொல்வதற்கு இதுதான் காரணம். கூப்பிட்டால் மூச்சிழுக்கிற ஆழத்திலேயே அவரை வைத்திருந்ததும் அந்த நிமிடத்தில் கைகொடுத்தது.

மிடசோலத்துக்கு எதிர்மருந்தான ஃபுளுமசெனில் மேசையில் இருந்தது, தேவைப்படவில்லை. சீக்கிரம் வீட்டுக்கு அனுப்புவதற்காக அதைக் கொடுப்பதை நான் ஏற்பதில்லை. அதன் அரை ஆயுள் ஒரு மணி நேர அளவுதான். மிடசோலம் அதைவிட நீண்ட நேரம் தங்குவதால், வீட்டில் மறுபடி மயக்கம் வரலாம். மிடசோலம், அல்பிரசோலம் ஆகியவை அடங்கிய பென்சோடையசிபைன் வகை மாத்திரைக்குப் பழகியவர்களுக்கும் வலிப்பு நோய் உள்ளவர்களுக்கும் அது வலிப்பைக் கிளப்பவும் கூடும்.

தெளியும் அறையில் “பல்லை எடுத்தாச்சா?” என்று கேட்டார். எடுத்தாச்சு என்று கணவர் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து அதே கேள்வி. மூன்றாம் தடவை கணவர் பயந்து என்னைக் கூப்பிட்டார். புதிதாக நடப்பது நினைவில் பதியாமல் போவது இந்த மருந்தின் இயல்பு, சில மணி நேரத்தில் சரியாகும் என்று விளக்கினேன். முன்கூட்டியே சொல்லி வைத்தால் வீட்டார் இப்படிப் பதற மாட்டார்கள். 24 மணி நேரத்துக்கு வண்டி ஓட்டக் கூடாது, கையெழுத்துப் போடும் எந்த முடிவும் கூடாது, அடுப்பருகே தனியாக நிற்கக் கூடாது, இரவு தலையை உயர்த்திப் படுக்க வேண்டும், கூட ஒருவர் இருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்து அனுப்பினோம்.

பிறகு

மறுநாள் உற்சாகமாகப் பேசினார். கையில் கிரீம் தடவியது ஞாபகம் இருக்கிறதாம், அடுத்தது வீட்டுக் கட்டில்தான். “இவ்வளவுதானா டாக்டர்! இனிமே எல்லாத்துக்கும் இதையே போட்டுடுங்க.”

இதை எதிர்பார்த்திருந்தேன். அவருக்கு எந்த நினைவும் இல்லை என்பது ஒரு மணி நேரத் துன்பத்தைத் தவிர்த்தது, அதற்காக மகிழ்ச்சி. ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் எல்லாம் நல்லபடியாக நடந்தது என்பதும் அவர் நினைவில் இல்லை. நைட்ரஸ் நாளில் பந்தை அழுத்தி, நான் நிறுத்தியதைத் தன் கண்ணால் பார்த்தார். அது அவருக்குள் தங்கியது. மிடசோல நாளில் அப்படி எதுவும் தங்கவில்லை. ஒவ்வொரு சின்ன அடைப்புக்கும் மிடசோலம் என்று போனால் பயம் இருந்த இடத்திலேயே இருக்கும், மூச்சுப்பாதை அபாயத்தை மட்டும் ஒவ்வொரு தடவையும் தோளில் சுமக்க வேண்டும். இதை அவரிடம் அப்படியே சொன்னேன். கொஞ்சம் ஏமாற்றம்தான் அவருக்கு. “சரி, அந்தப் பந்து இருக்குமில்ல?” என்றார்.

ரூட் கெனாலின் மிச்ச வேலையும் முதல் அடைப்பும் 30 சதவீத நைட்ரஸில் நடந்தன. இரண்டாவது அடைப்புக்கு 20-ல் நிறுத்தச் சொன்னது அவர்தான். காறை சுத்தம் செய்ய வந்த நாளில் மூடியை மடியில் வைத்துக்கொண்டார், போட்டுக்கொள்ளவில்லை. எல்லாம் முடிந்த பிறகு அதே ஐந்து கேள்விகளைக் கொடுத்தபோது 13 வந்தது. குடைவதற்கு இன்னும் 4 போட்டிருந்தார். இந்த இறக்கத்தில் வாயுவின் பங்கு எவ்வளவு, மிடசோலத்தின் பங்கு எவ்வளவு, கையில் இருந்த பந்தின் பங்கு எவ்வளவு என்று ஒரே ஒரு நோயாளியை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. என் எண்ணம் பந்தின் பக்கம் சாய்கிறது.

தூக்க ஆய்வுக்கு அனுப்பியிருந்தோம். நடுத்தர அளவில் மூச்சுத்தடை இருப்பது உறுதியாகி, இரவில் மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் சிபாப் கருவியைப் பயன்படுத்தத் தொடங்கியிருக்கிறார். பகல் களைப்பு குறைந்திருக்கிறது என்கிறார். அவருக்கு ஒரு பதிவு அட்டை எழுதிக் கொடுத்திருக்கிறோம்: நைட்ரஸ் 30 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம், கீழ்ப்பற்களுக்கு ஆர்ட்டிகெயின் சேர்த்துப் போட்டு, குளிர் வைத்துப் பார்த்த பிறகே தொடங்கவும், மிடசோலம் 3 மில்லிகிராமில் போதுமானதாக இருந்தது, மூச்சு ஒருமுறை தடைப்பட்டது, கேப்னோகிராபி கட்டாயம், கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின், இட்ராகோனசோல் போன்று அந்த நொதியை முடக்கும் மருந்துகள் சாப்பிடும்போது மிடசோலம் வேண்டாம், கேட்காமல் கையைப் பிடிக்க வேண்டாம். இனி ரத்தக் குழாய் வழி செடேஷன் தேவைப்பட்டால் சிபாப் கருவியையும் கூடவே கொண்டுவரச் சொல்லியிருக்கிறோம். வேர்களை எடுத்த இடத்தில் எலும்பு ஆறியதும் செயற்கைப் பல் பற்றிப் பேச அடுத்த மாதம் வருகிறார்.